ஈரம் பட்டால் ஊதா: பழைய யிட்டிஷ் கையெழுத்துப் படிகளைக் கையாள்வது

1946 செப்டம்பர் 18 அன்று வார்சாவில், நோவோலிப்கி தெரு 68ஆம் எண்ணில் இருந்த பள்ளிக்கூடத்தின் இடிபாடுகளுக்கு அடியிலிருந்து பத்து உலோகப் பெட்டிகளைத் தோண்டி எடுத்தார்கள். நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த பகுதியான கெட்டோவுக்குள் நடந்தவற்றை யிட்டிஷிலும் (கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழி, ஹீப்ரு லிபியில் எழுதுவது) போலிஷிலும் ஹீப்ருவிலும் எழுதிச் சேர்த்த 'ஓய்னெக் ஷபெஸ்' என்ற ரகசியக் குழு, 1942 ஆகஸ்டில் புதைத்தவை அவை. குழுவை நடத்தியவர் வரலாற்றாசிரியர் இம்மானுவேல் ரிங்கெல்ப்ளூம். பெட்டிகளின் மூடிகள் காற்றுப்புகாமல் அடைக்கப்பட்டிருக்கவில்லை. நிலத்தடி நீர் இறங்கி, தாள்கள் ஊறி, பூஞ்சணம் பிடித்திருந்தது. அதே இடத்தில் 1943 பிப்ரவரியில் புதைத்த இரண்டு பால் கேன்கள் 1950 டிசம்பர் 1 அன்றுதான் கிடைத்தன. அவற்றின் மூடிகள் இறுக்கமாக இருந்ததால் உள்ளே இருந்தவை பெரும்பாலும் நல்ல நிலையில் வந்தன.

நான்கு ஆண்டு மண்ணுக்குள் கிடந்தவை கெட்டன. ஏறக்குறைய எட்டு ஆண்டு கிடந்தவை பிழைத்தன. ஒரே ஊரில், ஒரே குழுவினர், கிட்டத்தட்ட ஒரே வகைத் தாளில் எழுதியவைதான் இரண்டும். நடுவில் இருந்த வேறுபாடு நீர் மட்டுமே. இந்தத் தொகுப்பு இன்று வார்சா யூத வரலாற்று நிறுவனத்தில் இருக்கிறது. 1999இல் யுனெஸ்கோவின் 'உலக நினைவகம்' பட்டியலில் சேர்ந்தது.

இந்தக் கட்டுரை முழுவதும் அந்த நீரைப் பற்றித்தான் என்று சொன்னாலும் தவறில்லை. பழைய தாளைப் பழுதுபார்க்கக் கற்றுத்தரும் குறிப்புகளில் பாதி, தாளை ஈரமாக்கச் சொல்பவை. யிட்டிஷ் கையெழுத்துப் படிகளில் அந்தப் பாதியைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றினால் எழுத்தே போய்விடும். ஏன் என்பதற்குத் தாளையும் மையையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

தாள்

யிட்டிஷ் ஏடு என்றதும் இடைக்காலத் தோல் சுவடிகளை நினைப்பவர்கள் உண்டு. அவையும் இருக்கின்றன. 1272இல் எழுதி முடிக்கப்பட்ட வோர்ம்ஸ் மஹ்ஸோர் என்ற ஹீப்ரு வழிபாட்டு நூலில், பெரிய எழுத்துகளின் உள்வெளியில் ஒரு யிட்டிஷ் ஈரடி ஒளிந்திருக்கிறது. காலம் உறுதியாகத் தெரிந்த யிட்டிஷ் வரிகளில் அதுவே மிகப் பழையது. கெய்ரோ கெனிஸாவிலிருந்து (தொழுகைக்கூடத்தில் பழந்தாள்களைச் சேர்த்துவைக்கும் அறை) கேம்பிரிட்ஜுக்குப் போன 1382ஆம் ஆண்டுச் சுவடியும் உண்டு. ஆனால் இவை பெரிய நூலகங்களில் பத்திரமாக இருக்கின்றன. நம்மில் ஒருவர் கைக்கு வரக்கூடியவை, ஒரு பரணில், ஒரு தொழுகைக்கூடத்தின் பின்னறையில், ஒரு குடும்பத்தின் பெட்டியில் கிடைப்பவை, 1860க்கும் 1950க்கும் இடைப்பட்டவை: கடிதங்கள், நாடகப் பிரதிகள், சங்கக் குறிப்பேடுகள், கவிதை வரைவுகள், நாட்குறிப்புகள்.

யிட்டிஷ் எழுத்து செழித்த அந்தத் தொண்ணூறு ஆண்டுகளும், உலகம் மிக மோசமான தாளைத் தயாரித்த தொண்ணூறு ஆண்டுகளும் கிட்டத்தட்ட ஒன்றே. அதற்கு முன் தாள், பழந்துணியிலிருந்து வந்தது. பருத்தி, லினன் நார்கள் நீளமானவை. 1700களின் சங்கப் பதிவேடு ஒன்றைப் புரட்டினால் தாள் இன்றும் வளைந்து கொடுக்கும், சலசலக்கும். 1840களில் மரத்தை அரைத்துக் கூழாக்கும் முறை ஜெர்மனியில் வந்தது. மை ஊறாமல் இருக்கப் படிகாரமும் பைன் பிசினும் கலந்து பூசும் வழக்கம் அதற்கு முன்பே பரவியிருந்தது. படிகாரம் காற்றின் ஈரத்தோடு சேர்ந்து அமிலத்தை விடுகிறது. அமிலம் தாள் நார்களின் அடிப்படையான செல்லுலோஸ் சங்கிலிகளைத் துண்டு துண்டாக வெட்டுகிறது. மரக்கூழில் தங்கிவிட்ட லிக்னின் என்ற மரப்பொருள் வெளிச்சத்தில் பழுப்பாகிறது. ஆகவே 1935ஆம் ஆண்டுப் பள்ளி நோட்டு ஒன்று, அதைவிட இருநூறு ஆண்டு மூத்த பதிவேட்டைக் காட்டிலும் நொறுங்கும் தன்மையோடு இருப்பது வழக்கம். வயதை வைத்து மரியாதை கொடுக்கும் பழக்கம் இங்கே தவறான இடத்தில் கவனத்தை வைக்கிறது.

வில்னாவில் (இன்றைய லிதுவேனியாவின் வில்னியஸ்) 1925இல் தொடங்கிய யீவோ என்ற யிட்டிஷ் ஆய்வு நிறுவனம் 1932, 1934, 1939 ஆண்டுகளில் இளைஞர்களுக்குத் தன்வரலாற்றுப் போட்டிகள் நடத்தியது. 600க்கும் மேற்பட்ட தன்வரலாறுகள் வந்தன. அந்த வகை எழுத்துகள் பெரும்பாலும் மலிவான கோடிட்ட நோட்டுகளில், நடுவில் இரண்டு இரும்புக் கம்பித் தையலோடு இருப்பவை. துருப்பிடித்த கம்பியைச் சுற்றி ஒரு பழுப்பு வட்டம், அதன் ஓரத்தில் விரிசல்: அந்தக் காலத்து நோட்டுகளில் முதலில் கண்ணில் படுவது அதுதான்.

தாள் எவ்வளவு நொறுங்கும் என்று பார்க்க மூலையை மடித்துப் பார்க்கும் சோதனை ஒன்று நூலகங்களில் உண்டு. மடித்து, எதிர்ப்பக்கம் மடித்து, எத்தனை மடிப்பில் உடைகிறது என்று எண்ணுவார்கள். அச்சு நூலின் வெற்று மூலையில் செய்யட்டும். உலகில் ஒரே ஒரு படி உள்ள கையெழுத்தில் அதைச் செய்பவரை என்னவென்று சொல்வது? நிறம், ஓரங்களில் உதிரும் தூள், பக்கத்தைத் தூக்கும்போது வளைகிறதா விறைத்து நிற்கிறதா என்பது போதும்.

மை

தாளைவிட மை முக்கியம். மூன்று வகையைப் பிரித்தறியத் தெரிந்தால் வேலையில் பாதி முடிந்தது.

முதலாவது இரும்பு மை. மாசிக்காயை ஊறவைத்த சாற்றில் அன்னபேதியையும் வேலம்பிசினையும் கலந்து செய்வது. 20ஆம் நூற்றாண்டுத் தொடக்கம் வரை ஐரோப்பா முழுவதும் எழுதியது இதில்தான். எழுதும்போது வெளிறித் தெரிந்து, காற்றுப் பட்டுக் கறுத்து, காலப்போக்கில் பழுப்பாகும். கெடுதல் இரண்டு வழியில் வருகிறது. மையில் உள்ள அமிலம் தாளை அறுக்கிறது. மாசிக்காய்ச் சாற்றின் டானினோடு சேராமல் மிஞ்சிய இரும்பு அயனிகள் தாளின் ஆக்சிஜனேற்றத்தைத் தூண்டுகின்றன. கெடுதலின் படிகளைக் கண்ணால் பார்க்கலாம்: எழுத்தைச் சுற்றி மங்கலான பழுப்பு வளையம், பிறகு தாளின் பின்பக்கத்தில் எழுத்து ஊறித் தெரிவது, பிறகு கனத்த கோடுகளில் மயிரிழை விரிசல், கடைசியில் எழுத்து இருந்த இடத்தில் ஓட்டை. மூன்றாம் படிக்கு வந்த தாளை வளைக்கவே கூடாது.

இந்த மைக்கு நீர் ஏன் ஆகாது? மிஞ்சிய இரும்பு அயனிகள் நீரில் கரைந்து நகரும். ஈரமான பஞ்சால் ஒற்றினாலோ, 80 சதவீத ஈரப்பதத்தில் சில நாள் வைத்தாலோ, அவை எழுத்திலிருந்து பக்கத்துத் தாளுக்குப் பரவி அங்கேயும் அரிக்கத் தொடங்கும். பரவியது உடனே தெரியாது. சில ஆண்டு கழித்துப் பழுப்பாகத் தெரியும்போது செய்தவர் வேறு வேலைக்குப் போயிருப்பார். மிஞ்சிய இரும்பு இருக்கிறதா என்று பார்க்க பாத்தோஃபெனாந்த்ரோலின் தோய்த்த சோதனைத் தாள் கிடைக்கிறது. ஒரு துளி காய்ச்சி வடித்த நீர் விட்டு, மையொற்றும் தாளில் ஒற்றி, எழுத்தின் மேல் 30 விநாடி அழுத்தினால், இரும்பு இருந்தால் இளஞ்சிவப்பாகும். அதுவும் ஈரம்தான் என்பதால் பயிற்சி இல்லாதவர்கள் விட்டுவிடலாம். கால்சியம் ஃபைட்டேட் கரைசலில் தாளை முழுக்கி இரும்பைக் கட்டிப்போடும் சிகிச்சை ஆய்வகத்துக்கு உரியது.

இரண்டாவது, இந்தக் கட்டுரையின் தலைப்புக்குக் காரணமானது: நகல் பென்சில். 1870களில் வந்தது. கிராஃபைட், களிமண்ணோடு மெத்தில் வயலெட் போன்ற அனிலின் சாயம் கலந்த குச்சி. உலர்ந்திருக்கும் வரை சாதாரணப் பென்சில் போலவே சாம்பல் நிறம். ஒரு துளி நீர் பட்டதும் பளீரென்ற ஊதாவாகி, தாள் நார்களுக்குள் ஊறி, பிறகு எதற்கும் அசையாது. பேனாவும் மைக்குப்பியும் தேவையில்லை, எழுதியதை அழிப்பானால் அழிக்க முடியாது என்பதால் போர்க்களத்திலும் அலுவலகங்களிலும் பயணத்திலும் இதைத்தான் பயன்படுத்தினார்கள். இரு உலகப் போர்க் காலத்து யிட்டிஷ் கடிதங்களில் இதை அடிக்கடி காணலாம்.

எப்படி அடையாளம் காண்பது? பத்து மடங்கு உருப்பெருக்கியில் பாருங்கள். எங்காவது ஊதாப் புள்ளி, எழுத்தின் ஓரத்தில் ஊதாக் கசிவு, விரல் பட்ட இடத்தில் ஊதா ரேகை, எதிர்ப்பக்கத்தில் கண்ணாடி பிம்பமாகப் பதிந்த ஊதா எழுத்து ஏதாவது இருந்தால் உறுதி. ஒன்றுமே தெரியாவிட்டாலும், 1870க்கும் 1960க்கும் இடையில் பென்சிலால் எழுதிய எதையும் நகல் பென்சில் என்றே எடுத்துக்கொள்வது என் பரிந்துரை. தவறாக எண்ணியதால் ஒரு நட்டமும் இல்லை. நீருக்குப் பதில் ஆல்கஹால் என்று சிலர் தப்பிக்கப் பார்ப்பார்கள். அந்தச் சாயம் ஆல்கஹாலில் இன்னும் நன்றாகவே கரையும்.

மூன்றாவது கூட்டம் இயந்திரங்கள் விட்டுச் சென்றது. தட்டச்சு நாடாவின் கறுப்பு பெரும்பாலும் கார்பன், ஓரளவு நிலையானது. ஊதா நாடா அப்படியல்ல. வெங்காயத்தோல் போன்ற மெல்லிய தாளில் கார்பன் நகல்கள் உரசினால் மங்கும். ஹெக்டோகிராஃப் என்ற ஜெலட்டின் தட்டு நகல்கள் அனிலின் சாயத்தால் ஆனவை. சன்னலோரத்தில் சில வாரம் வைத்தால் வெளிறிவிடும். கட்சித் துண்டறிக்கைகளும் ரகசிய இதழ்களும் இந்த வகையில் நிறைய உண்டு.

கையில் எடுப்பது

வெள்ளைப் பருத்திக் கையுறை தொலைக்காட்சிக்கு அழகு. தாளுக்கு ஆகாது. விரலின் உணர்ச்சியை மழுங்கடிக்கும், கிழிந்த ஓரத்தில் நூல் மாட்டி இழுக்கும். கையை சோப்பு போட்டுக் கழுவி, நன்றாக உலர்த்தி, கிரீம் எதுவும் பூசாமல் வெறும் கையால் எடுப்பதே சரி. புகைப்படங்களுக்கும் பூஞ்சணம் பிடித்த தாளுக்கும் மட்டும் நைட்ரைல் கையுறை. வியர்க்கும் கை உள்ளவர்கள் அரை மணிக்கு ஒருமுறை கழுவிக்கொள்ளுங்கள். நகல் பென்சிலுக்கு வியர்வையே போதும்.

மேசையில் தண்ணீர், தேநீர், பேனா எதுவும் வேண்டாம். குறிப்பெடுக்கப் பென்சில் மட்டும். தனித்தாளை இரு விரலால் மூலையில் பிடித்துத் தூக்காமல், அடியில் ஒரு அமிலமற்ற அட்டையைச் செருகி அட்டையோடு தூக்குங்கள். திருப்ப வேண்டுமானால் மேலே இன்னொரு அட்டை வைத்து இரண்டையும் சேர்த்துப் பிடித்துத் திருப்புங்கள்.

கட்டுப்போட்ட பதிவேடு என்றால் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். இவை வலமிருந்து இடமாகத் திறப்பவை. முதுகு வலப்புறம் இருக்கும். வாசிப்பறையில் அட்டைகளைத் தாங்கும் நுரை ஆப்புகளை இடமிருந்து வலத்துக்குப் பழகிய கை வைத்தால் சரியாக எதிர்மாறாக வைத்துவிடும். முதல் பக்கங்களில் வலப்பக்க அட்டைக்கு உயரமான தாங்கல் வேண்டும். நடுவில் இரண்டும் சமம். முடிவில் இடப்பக்கம் உயரம். 120 பாகைக்கு மேல் விரிக்காதீர்கள். முதுகு இறுகியிருந்தால் 90 போதும். தோல் அட்டை சிவந்த தூளாக உதிர்ந்தால் வெறுந்துணியால் துடைத்துப் பயனில்லை, அமிலமற்ற தாளால் மேலுறை போட்டுவிடுங்கள்.

சில நோட்டுகளில் ஒரு முனையிலிருந்து யிட்டிஷும், மறுமுனையிலிருந்து போலிஷோ ரஷ்யனோ எழுதி, நடுவில் சந்திக்கும். 'தலைகீழாகக் கட்டிவிட்டார்கள்' என்று பிரித்து அடுக்குபவர்கள் உண்டு. எழுத்து தெரியாதவர்களும் மேல்கீழைக் கண்டுபிடிக்க ஒரு வழி: யிட்டிஷ் கையெழுத்தில் வலது ஓரம் நேராக இருக்கும், இடது ஓரம் ஏறி இறங்கும், லாமெட் என்ற எழுத்து வரிக்கு மேலே கழுத்தை நீட்டும். நீட்டல்கள் மேல்நோக்கி இருந்து வலது ஓரம் நேராக இருந்தால் தாளைச் சரியாகப் பிடித்திருக்கிறீர்கள்.

துருப்பிடித்த ஊசிகளும் கிளிப்புகளும் தனி வேலை. இழுக்காதீர்கள். கிளிப்பின் இருபுறமும் மெல்லிய பாலியெஸ்டர் தாள் துண்டைத் தாளுக்கும் உலோகத்துக்கும் இடையே செருகி, பிறகு கிளிப்பின் வெளிக்கம்பியை மெதுவாக விரித்து விலக்குங்கள். கம்பித் தையலின் கால்களைப் பின்பக்கத்தில் தட்டையான மெல்லிய கத்தியால் ஒவ்வொன்றாக நிமிர்த்தி, முன்பக்கமிருந்து வெளியே எடுக்க வேண்டும். துரு தாளோடு ஒட்டியிருந்தால் விட்டுவிடுங்கள். எடுத்த பிறகு அந்தத் தாள்கள் ஒன்றாக இருந்தவை என்பது தெரியும்படி ஒரு மடித்த தாளுக்குள் சேர்த்து வைக்க மறக்காதீர்கள். ஊசி சொன்ன செய்தி ஊசியோடு போய்விடக்கூடாது.

மடிந்து இறுகிய கடிதத்தை விரிப்பதற்குப் பலரும் ஈரப்பத அறையைச் சொல்வார்கள்: மூடிய டப்பாவில் ஈரத்துணி, அதன் மேல் வலை, வலை மேல் கடிதம். அச்சுத் தாளுக்குச் சரி. இரும்பு மைக்கும் நகல் பென்சிலுக்கும் இது மெதுவான விஷம். விரியாவிட்டால் விரியாமலே உறையில் வையுங்கள். விரிக்காத கடிதம் இன்னும் படிக்கக் காத்திருக்கும். கசிந்த கடிதத்தை யாராலும் மீட்க முடியாது.

தூசி, பூச்சி, பூஞ்சணம்

தூசியை மென்மையான ஆட்டுமயிர்த் தூரிகையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளுங்கள். எழுத்தில்லாத ஓரங்களில் வல்கனைஸ் செய்த ரப்பர் பஞ்சால் ஒற்றலாம், தேய்க்கக் கூடாது. எழுத்துக்குப் பக்கத்தில் போகாததற்கு யிட்டிஷில் கூடுதல் காரணம் உண்டு. எழுத்தின் அடியில் போடும் சின்னக் கோடும் அதன் கீழே தொங்கும் சிறு குறியும்தான் 'அ' ஒலியா 'ஓ' ஒலியா என்று சொல்பவை. தூசிப் புள்ளி என்று நினைத்துத் துடைத்தது உயிரொலியாக இருக்கலாம்.

இராமபாணமும் புத்தகப்பேனும் இருந்தால் மருந்து தெளிக்காதீர்கள். பெட்டியோடு பாலிதீன் பையில் காற்றை வெளியேற்றிக் கட்டி, கழித்தல் 20 டிகிரி செல்சியஸ் உறைபெட்டியில் ஒரு வாரம் வையுங்கள். வெளியே எடுத்தபின் பையை அவிழ்க்காமல் 24 மணி நேரம் அறை வெப்பத்துக்கு வரவிடுங்கள். உடனே அவிழ்த்தால் குளிர்ந்த தாளின் மேல் காற்றின் ஈரம் பனியாகப் படியும், அந்தப் பனி நகல் பென்சிலுக்குப் போதும்.

பூஞ்சணம் 65 சதவீத ஈரப்பதத்துக்கு மேல் தொடங்கும். ஈரமாக, பிசுபிசுப்பாக, மணத்தோடு இருந்தால் உயிரோடு இருக்கிறது. முதலில் தனியறைக்கு மாற்றி, பையைத் திறந்து, குளிர்ந்த உலர்ந்த காற்றில் ஆறவிடுங்கள். வெயிலில் வைக்க வேண்டாம். உலர்ந்து தூளான பிறகு, நுண்துகளைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள வெற்றிடத் தூசி உறிஞ்சியை, முனையில் வலைத்துணி கட்டி, குறைந்த விசையில் பிடித்து எடுக்க வேண்டும். என்95 முகக்கவசம், நைட்ரைல் கையுறை கட்டாயம். ஆஸ்துமா உள்ளவர்கள் அந்தப் பெட்டியின் பக்கமே போக வேண்டாம். உறையவைப்பது பூஞ்சணத்தைக் கொல்லாது, நிறுத்தி மட்டுமே வைக்கும். எலிப்புழுக்கை இருந்தால் உலர்ந்த நிலையில் பெருக்காதீர்கள். தூசியோடு நோய் பறக்கும்.

குழாய் உடைந்து எல்லாம் நனைந்துவிட்டால் உங்களுக்கு ஏறக்குறைய 48 மணி நேரம் இருக்கிறது. அதைத் தாண்டினால் பூஞ்சணம் முளைக்கும். நனைந்த தாள்களைத் தனித்தனியாகப் பிரிக்க முயலாமல், கட்டுக்கட்டாகப் பாலிதீனில் சுற்றி, உடனே உறையவைத்துவிடுங்கள். உறைந்த நிலையில் சாயம் மேலும் ஓடாது. பிறகு வெற்றிட உறைவு உலர்த்தல் வசதியுள்ள ஆய்வகம் பனியை நேரடியாக ஆவியாக்கி எடுக்கும். இடையில் திரவ நீர் இராது.

கிழிசல்

ஒளி ஊடுருவும் ஒட்டுநாடாவைப் பற்றி ஒரே வாக்கியம்: வேண்டாம். பசை முதலில் ஊறும், பிறகு பழுக்கும், நாடா உதிர்ந்தபின் கறை மட்டும் நிற்கும். ஏற்கெனவே ஒட்டியிருப்பதையும் நீங்கள் பிரிக்க வேண்டாம்.

முறையான ஒட்டு, ஜப்பானியக் கோஸோ தாளும் கோதுமை மாவுச்சத்துப் பசையும். ஒரு பங்கு மாவுச்சத்துக்கு நாலைந்து பங்கு நீர். ஊறவைத்து, சிறு தீயில் அரை மணி கிளறி, ஆறவிட்டு, மெல்லிய சல்லடையில் இருமுறை வடிக்க வேண்டும். ஒட்டுத்தாளைக் கத்தரிக்காமல், நீர்த்தூரிகையால் கோடு போட்டுக் கிழித்தால் ஓரத்தில் நார்கள் நீட்டிக்கொண்டிருக்கும். அந்த நார்கள்தான் பிடிப்பு. ஐந்து முதல் எட்டு மில்லிமீட்டர் அகலம் போதும். பசை தடவி, மையொற்றும் தாளில் ஒரு முறை வைத்து மிகை ஈரத்தை இழந்த பின்பே கிழிசலின் பின்பக்கம் வைக்க வேண்டும். மேலே நெய்யாத பாலியெஸ்டர் துணி, அதன் மேல் மையொற்றும் தாள், கனம். மையொற்றும் தாளைப் பத்து நிமிடத்தில் ஒருமுறை மாற்றுங்கள்.

இத்தனையும் தட்டச்சுப் பக்கத்துக்கும் எழுத்தில்லாத ஓரத்துக்கும். கிழிசல் இரும்பு மை எழுத்தினூடே போனால் இந்த ஈரம் மிக அதிகம். அதற்கு ஜெலட்டின் முன்கூட்டியே பூசி உலர்த்திய மெல்லிய ஒட்டுத்தாளைச் சற்றே ஈரமான பஞ்சில் தொட்டு ஒட்டுவார்கள். ஜெலட்டின் இரும்பு அயனிகளைக் கொஞ்சம் பிடித்தும் வைக்கும். நகல் பென்சிலில் கிழிசல் போனால் நாம் ஒட்ட வேண்டாம். துண்டுகளைச் சேர்த்து வைத்து ஒரு உறையில் அடக்குவதே பழுதுபார்ப்பு.

அமில நீக்கத் தெளிப்பான்களை விற்பவர்கள் எல்லாத் தாளுக்கும் நல்லது என்பார்கள். காரத்தன்மை தாளுக்கு நல்லதுதான். ஆனால் சாயங்களின் நிறம் மாறும், இரும்பு மை மேலும் பழுப்பாகும். ஒற்றைப் படிக் கையெழுத்தில் சோதிக்காமல் தெளிக்கக் கூடாது.

உறையும் இடமும்

மடிப்புறைகள் அமிலமற்ற, லிக்னின் இல்லாத, கால்சியம் கார்பனேட் கலந்த தாளாக இருக்கட்டும். ஓர் உறைக்குப் பத்துப் பதினைந்து தாளுக்கு மேல் வேண்டாம். செய்தித்தாள் வெட்டுகளைத் தனியே பிரியுங்கள். தொட்டிருக்கும் தாளில் அவை பழுப்பு நிழலைப் பதிக்கும். பாலியெஸ்டர் உறை அடிக்கடி எடுக்கும் தாளுக்கு வசதி, ஆனால் அதன் நிலைமின்சாரம் பென்சில் துகளைப் பிடுங்கும். அமிலத் தாளை இருபுறமும் அதில் அடைத்தால் அமிலம் வெளியேற வழியின்றி உள்ளேயே வேலை செய்யும். பின்னால் ஒரு காரத்தாளை வைத்தால் ஓரளவு தணியும். பி.வி.சி. உறை எந்த நாளும் கூடாது. சூட்டில் ஒட்டும் பிளாஸ்டிக் லேமினேஷன் செய்துவிட்டால் அந்தத் தாளை மறந்துவிடலாம்.

வெப்பம் 20 டிகிரிக்குள், ஈரப்பதம் 35 முதல் 50 சதவீதம், பார்வைக்கு வைத்தால் 50 லக்ஸ் வெளிச்சம். 5 டிகிரி குறைத்தால் தாளின் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது ஆவணக் காப்பாளர்கள் கையாளும் தோராயக் கணக்கு. எண்களைவிட ஏற்றத்தாழ்வு கெடுதல். பகலில் குளிர்சாதனம் ஓடி இரவில் நிற்கும் அறையைவிட, எதுவுமே ஓடாத வீட்டு நடு அறையின் அலமாரி மேலானது. பரணும் நிலவறையும் வேண்டாம்; தரையிலிருந்து பத்து சென்டிமீட்டராவது உயர்த்தி வையுங்கள்.

படமும் பட்டியலும்

படமெடுக்க வேண்டியது வண்ணத்தில், 400 புள்ளி அடர்த்தியில், டிஃப் கோப்பாக. கறுப்பு வெள்ளை இருநிலைப் படம், முன் சொன்ன உயிர்க்குறிகளைத் தின்றுவிடும். தாளைத் தானே இழுத்துக்கொள்ளும் ஸ்கேனர் அருகே கொண்டுபோகாதீர்கள். இரு பக்கமும் 45 பாகையில் விளக்கு, செங்குத்தாகக் கேமரா போதும். மங்கிப்போன இரும்பு மை புறஊதா ஒளியில் கறுத்துத் தெரியும். அகச்சிவப்பில் அது மறைந்து, அடியில் இருக்கும் கார்பன் எழுத்து தெரியும். வெற்றுப் பின்பக்கத்தையும் எடுங்கள்.

வரிசை எண் வாசிப்பு வரிசையில், அதாவது வலப்பக்கத்திலிருந்து. கோப்புப் பெயரில் எண்களே இருக்கட்டும். கண்ணாடி பிம்பமாகத் தெரியும் பக்கத்தை மென்பொருளில் புரட்டிச் 'சரிசெய்ய' வேண்டாம். அது எதிர்ப்பக்கத்து எழுத்தின் பதிவாகவோ கார்பன் தாளின் பின்பக்கமாகவோ இருக்கலாம்.

தேதிகள் குழப்பும். யூத ஆண்டில் ஐயாயிரத்தை விட்டுவிட்டு எழுதுவார்கள்: 685 என்றால் 5685. அதோடு 1240 கூட்டினால் 1925 வரும்; ஆனால் ஆண்டு செப்டம்பர் அல்லது அக்டோபரில் பிறப்பதால், அதிலிருந்து டிசம்பர் வரை எழுதியது 1924. நாளுக்குப் பதில் அந்த வாரம் வாசிக்கும் தோரா (யூத மறைநூல்) பகுதியின் பெயரைக் குறிப்பதும் உண்டு. ரஷ்யப் பேரரசில் எழுதிய கடிதமென்றால் பழைய நாட்காட்டி 19ஆம் நூற்றாண்டில் 12 நாளும், பிறகு 1918 தொடக்கம் வரை 13 நாளும் பின்தங்கியிருக்கும். எழுதியபடியே குறித்து, மாற்றியதைப் பக்கத்தில் போடுங்கள்.

இறைப்பெயர் எழுதிய பழந்தாளைக் குப்பையில் போடாமல் கெனிஸாவில் சேர்த்துப் பின் புதைப்பது யூத மரபு. குடும்பத்தினர் அந்த எண்ணத்தில் பெட்டியைப் பிரிக்கத் தொடங்குவதற்கு முன்பே, அதில் யிட்டிஷ் எழுத்தும் இருக்கிறது என்பதைச் சொல்லிவிடுவது நல்லது. ஹீப்ருவும் யிட்டிஷும் பார்வைக்கு ஒரே லிபி.

கடைசியாக முத்திரைகள். 1942-43இல் வில்னாவில் நாஜிகள் யீவோவின் தொகுப்புகளைப் பிரித்து, ஒரு பகுதியை ஜெர்மனிக்கும் மீதியைக் கூழாக்கும் ஆலைக்கும் அனுப்ப யூத அறிஞர்களையே வேலை வாங்கினார்கள். ஆவ்ரம் சுட்ஸ்கெவர், ஷ்மெர்கே கச்செர்கின்ஸ்கி உள்ளிட்ட அந்தக் 'காகிதப் படை' தாள்களை உடைக்குள் மறைத்துக் கெட்டோவுக்குள் கடத்தியது. ஜெர்மனிக்குப் போனவை போருக்குப் பின் ஆஃபன்பாக் கிடங்கிலிருந்து நியூயார்க் யீவோவுக்குச் சேர்ந்தன. வில்னாவில் மிஞ்சியவற்றை, சோவியத் ஆட்சி அழிக்காதபடி, லிதுவேனிய நூலகவியலாளர் அன்டானாஸ் உல்பிஸ் ஒரு தேவாலயத்தில் பதுக்கி வைத்தார். 2017இல்கூட அதிலிருந்து புதிய தொகுதிகள் வெளியே வந்தன. இரு நகரங்களின் தாள்களையும் இணையத்தில் ஒன்றுசேர்க்கும் திட்டம் 2022இல் முடிந்தது. 40 லட்சத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள். ஒரே கையெழுத்தின் முதல் பாதி ஒரு கண்டத்திலும் மறுபாதி இன்னொன்றிலும் இருக்கக்கூடும், அவற்றைச் சேர்க்க உதவுவது ஓரத்தில் பென்சிலால் எழுதிய பழைய எண்ணும், பின்பக்கத்து மங்கிய ரப்பர் முத்திரையும். ஆகவே அழிப்பானை அந்த ஓரத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். புது எண் போட வேண்டுமானால் மென்மையான 2பி பென்சிலால், பழைய எண்ணிலிருந்து விலகி, சதுர அடைப்புக்குள் எழுதுங்கள். பழையதையும் முத்திரையின் வாசகத்தையும் பட்டியலில் தனிக் கட்டத்தில் பதியுங்கள்.